வெர்னோலாவில் மூன்று இரவுகள்

கிளறிற்றா வேலை செய்கிற சூப்பர் மார்க்கெட்டின் பின்புறம், பாண் வெதுப்புகிற பகுதிக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் இடையில் ஒரு சின்ன முற்றம் இருக்கிறது. சிகரெட் பிடிக்கிறவர்கள் ஒதுங்குகிற இடம். அங்கே நின்றுதான் அவள் அந்தச் செய்தியைக் கேட்டாள்.

அழைத்தவள் மரியூச்சா. இத்தாலியின் கடலோரத்தில் வெர்னோலா என்ற சிற்றூரில், ஒரு காலத்தில் கிளறிற்றாவின் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தவள். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் மட்டும்தான் அழைப்பாள். புரட்டாதி மாதத்தில், ஒரு வேலை நாளில், அவளுடைய பெயர் கைபேசியில் தெரிந்ததும் அங்கே யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் கிளறிற்றா நினைத்தாள்.

புதிதாக யாரும் சாகவில்லை. என்றோ செத்தவனைப் பற்றித்தான் மரியூச்சா பேசினாள்.

வெர்னோலாவின் சேமக்காலை மலைச்சரிவில், திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே, கைக்குட்டை அகலத்தில் கிடக்கிறது. புதுச் சவங்களைப் புதைக்க அங்கே இடமில்லை. ஆகவே சில வருடங்கள் கழிந்ததும் பழைய குழிகளைத் திறந்து எலும்புகளை எடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இந்த முறை சின்னப் பிள்ளைகளின் வரிசை. திராட்சை பிடுங்கி முடிந்த கையோடு வேலை தொடங்குமாம். உரித்தானவர்கள் வந்தால் எலும்பைப் பெற்றுக்கொண்டு போகலாம். வராவிட்டால் எல்லாருடையதோடும் சேர்த்துப் பொதுக் கிடங்கில் வைத்துவிடுவார்களாம்.

"சேமக்காலை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள்," என்றாள் மரியூச்சா. "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். உன் பையனின் பெயரும் இருக்கிறது. எழுத்தைப் பிழையாகத்தான் அடித்திருக்கிறார்கள். ஆனால் அவன்தான்."

கிளறிற்றா நன்றி சொன்னாள். மரியூச்சாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். பிறகு உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு, ஆறிப்போய்க் கிடந்த பணிஸ்களின் மேல் சீனிப்பாகைத் தடவினாள். அடுத்த தட்டு என்று நினைத்துப் பாதி தடவிய பிறகுதான், முதல் தட்டுக்கே இரண்டாவது முறையாகத் தடவிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

யனுஷன் அவர்களுடைய மூத்த பிள்ளை. றொனால்டும் கிளறிற்றாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து இத்தாலிக்கு வந்து, வேலை தேடி அலைந்து, கடைசியில் அந்த ஊரில் ஒதுங்கியிருந்த காலத்தில் பிறந்தவன். றொனால்ட் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றான். கிளறிற்றா உல்லாசப் பயணிகள் தங்குகிற விடுதியொன்றில் அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரித்தாள். நாலு வயது முடிய முந்தி ஒரு மாசி மாதம் யனுஷனுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று நகரத்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவனைப் புதைத்த சில மாதங்களிலேயே இருவரும் ஜெனோவாவுக்கு வந்துவிட்டார்கள். அங்கே லக்‌ஷிகா பிறந்தாள். பிள்ளையின் படிப்புக்காக என்று லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் வீடு எடுத்தபோது லக்‌ஷிகாவுக்கு ஏழு வயது. தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது அவளுக்கு அப்போதும் தெரியாது, பத்தொன்பது வயதாகிப் பல்கலைக்கழகம் போய்வருகிற இப்போதும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தார்கள். வளர்ந்த பிறகு, இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று பயந்தார்கள்.

அன்று பின்னேரம் றொனால்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கிளறிற்றா விசயத்தைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"விடு கிளறி," என்றான். "அங்கையே கிடக்கட்டும்."

"கிடக்க விடமாட்டினமாம். அதைத்தானே சொல்லுறன்."

"பொதுக் கிடங்கும் சுவாமியார் மந்திரிச்ச இடம்தானே."

"ஆற்றையோ எலும்போடை என்ர பிள்ளையைக் கலக்கவே? நான் போய் எடுத்துக்கொண்டு வரப்போறன்."

"எங்கை கொண்டு வரப்போறாய்?"

"இஞ்சை. லண்டனுக்கு. எங்களுக்குக் கிட்ட."

றொனால்ட் கையைக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு எதிரே நின்றான். இருபது வருடமாக இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து வெளியே போகிறவன், அன்றைக்குப் போகவில்லை.

"நீ போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனால் நான் வரமாட்டன். அவனுக்கு நான் மண் போட்டனான். அந்த மண்ணைக் கிண்டுறதை நிண்டு பாக்க என்னால ஏலாது."

சொல்லிவிட்டு அவன் மேலே போய்விட்டான். கிளறிற்றாவுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. உன்னால் மட்டும் ஏலுமா என்று அவன் கேட்கவில்லையே என்பதுதான் அந்த ஆத்திரம்.

ரிக்கெற் போடுவது, அறை பிடிப்பது எல்லாம் அந்த வீட்டில் லக்‌ஷிகாவின் வேலை. கிளறிற்றாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. மறுநாள் மகள் சோபாவில் மடிக்கணினியோடு இருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"லக்‌ஷி, வெர்னோலா எண்டு இத்தாலியிலை ஒரு இடம். ஐப்பசியிலை மூண்டு இரவு நிக்கிற மாதிரி ஒரு ரூம் பாத்துத் தாறியே?"

லக்‌ஷிகா பெயரைத் தட்டினாள். திரை முழுக்கக் கடல் விரிந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மஞ்சளும் ரோசாவுமான வீடுகள், அவற்றுக்கு மேலே படிக்கட்டுப் படிக்கட்டாய்க் கல் அடுக்கி வளர்த்த திராட்சை, கையில் வைன் கிளாசோடு சிரிக்கிற வெள்ளைக்காரச் சோடிகள்.

"அம்மா! ஓ மை கோட். இது ஹனிமூன் போற இடம்!" அவள் தாயின் தோளில் இடித்தாள். "என்ன, நீங்களும் அப்பாவும் திடீரெண்டு ரொமான்ரிக் ஆகிட்டீங்களா?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் மகளுடைய முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. தாயும் தகப்பனும் ஒருவரோடு ஒருவர் அதிகம் கதைக்காத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவள். கிளறிற்றா திரையைப் பார்த்துக்கொண்டே, "ஓம், கலியாண நாள் வருகுதெல்லோ. அப்பாவும் நானும் ஒருக்காப் போட்டு வருவம் எண்டு," என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பொய்க்குக் கை கால் முளைத்தது. லக்‌ஷிகா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஸ்ரான்ஸ்ரெட்டில் இருந்து பீசாவுக்கு விமானம், பீசாவில் இருந்து ரெயில், நகரத்தில் இறங்கி மாறிக் கரையோரமாக ஓடுகிற சின்ன ரெயில் என்று எல்லாவற்றையும் நிறம் பிரித்து எழுதினாள். முதல் நாள் பின்னேரம் துறைமுகத்தில் நடை. இரண்டாம் நாள் காலையில் தோட்டக்காரர் ஒருவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற திராட்சைச் சுற்று, முடிவில் ஐந்து வகை வைன் ருசி பார்த்தல். பின்னேரம் படகு.

"அப்பாக்கு வைன் பிடிக்குமா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"மணமே பிடிக்காது," என்றான் றொனால்ட். திராட்சை பிழிகிற காலத்தில் அந்தப் புளித்த வாடை தன் உடுப்பிலும் தலைமயிரிலும் ஏறிக் கிடந்ததை அவன் சொல்லவில்லை. கிளறிற்றாவைப் பார்த்தான். இதை எங்கே கொண்டுபோய் முடிக்கப்போகிறாய் என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

வேலையிடத்திலும் கதை பரவிவிட்டது. கூட வேலை செய்கிற தயாளினியும் லக்‌ஷிகாவும் கைபேசியில் சிநேகிதம்.

"கிளறியக்கா, ஒளிச்சு வைச்சிருந்தியள் என்ன?" என்று மாவைத் தட்டிக்கொண்டே தயாளினி சிரித்தாள். "லக்‌ஷி படமெல்லாம் போட்டிருக்கிறாள். எங்கட மனிசன் என்னை இஞ்சை லண்டனுக்குள்ளை ஸ்ட்ரெதமுக்குக் கூடக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். நீங்கள் கடலைப் பாத்துக்கொண்டு வைன் குடிக்கப் போறியள்!"

"சும்மா இரடி," என்று கிளறிற்றாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பாதி உண்மையாகவே வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. அந்தக் கிழமை அப்டன் பார்க்கில் ஒரு கடையில் கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கம்பளிச் சட்டையொன்றைக் கண்டு, ஐப்பசியில் கடற்காற்று குளிராயிருக்கும் என்று கையில் எடுத்தாள். கண்ணாடியில் தோளில் வைத்துப் பார்த்தாள். நிறம் எனக்குப் பொருந்துது என்று நினைத்தாள். எந்தப் பயணத்துக்காக என்று அப்போதுதான் உறைத்தது. சட்டையைத் தொங்கவிடக்கூட நிற்காமல், கண்ட இடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கிளறிற்றா உடுப்பு மாற்றாமல் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது லக்‌ஷிகா குசினிக்குள் வந்தாள். முதுகுக்குப் பின்னால் மடிக்கணினி.

"சப்ரைஸ்! ரூம் புக் பண்ணியாச்சு. என்ர காசு. எனிவர்சரி கிப்ற். நோ சொல்ல ஏலாது, கான்சல் பண்ணினாலும் காசு தரமாட்டாங்கள்."

"ஏன் பிள்ளை உனக்கு வீண்..."

"பாருங்கோ முதல். ஊரிலையே பெஸ்ற் வியூ. கோயிலுக்குக் கீழை, பழைய வீடு. இப்ப புதுசாக் கட்டி வைச்சிருக்கினம்."

ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். வெள்ளைச் சுவர். வெள்ளைக் கட்டில். கட்டிலுக்கு மேலே ஆழமான கல் யன்னல், அதற்குள் சட்டம் போட்டது போலக் கடல். அடுத்த படத்தில் சுவரில் குடைந்த ஒரு சிறிய மாடம். அதற்குள் ஒரு வைன் போத்தலும் கவிழ்த்து வைத்த இரண்டு கிளாசுகளும்.

கிளறிற்றா கேத்திலைக் கீழே வைத்தாள்.

முன்பு அந்த மாடத்தில் மாதா சொரூபம் இருந்தது. ஊரில் மடு மாதா கோயிலிலிருந்து அவள் கொண்டுவந்த சொரூபம். அப்போது சுவரில் பாசி பிடித்திருக்கும், கடற்காற்று அடித்தால் யன்னல் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். கட்டில் கிடக்கிற இடத்தில் ஒரு பழைய மெத்தை கிடந்தது. அதில்தான் அவன் காய்ச்சலோடு கிடந்தான். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று அழுதான். அவள் போர்வையை யன்னலில் கட்டிவிட்டாள்.

"அம்மா? ஏன் உப்பிடி நிக்கிறியள்? பிடிக்கேல்லையா?"

"இது எங்கட வீடு," என்றாள் கிளறிற்றா.

"என்ன?"

"நாங்கள் இருந்த வீடு. நீ பிறக்க முந்தி." அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "லக்‌ஷி, உனக்கொரு அண்ணா இருந்தவன். இந்த அறையிலைதான் கிடந்தவன். நாங்கள் வெக்கேசனுக்குப் போகேல்லை பிள்ளை. அவன்ர குழியைத் திறக்கப்போகினம். நான் அவனை எடுக்கப் போறன்."

நினைத்து நினைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. வந்தது இவ்வளவும்தான். மீதியை லக்‌ஷிகா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எடுத்தாள். எப்போது, என்ன வருத்தம், எத்தனை வயது. கேட்கக் கேட்க அவளுடைய குரல் மாறிக்கொண்டு போனது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"ஊரிலை மாமாவையளுக்குத் தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. பத்தொன்பது வருசம்." அவள் மடிக்கணினியை மூடினாள். "நான் என்ன, அவருக்கு ரீப்ளேஸ்மென்றா?"

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை."

"நான் உங்களை வைன் குடிக்க அனுப்பப் பாத்தனான், அம்மா. ஸ்ரேற்றஸ் எல்லாம் போட்டு. நீங்கள் பேசாமல் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

லக்‌ஷிகா வாசல்வரை போய்த் திரும்பி நின்றாள்.

"அவருக்கு என்ன பேர்?"

"யனுஷன்."

அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று கிளறிற்றா நினைத்தாள். சுவர்களுக்கே புதிதாகக் கேட்டது போலிருந்தது.

"படம் இருக்கு. பாக்கப்போறியே?"

"இப்ப வேண்டாம்," என்றுவிட்டு லக்‌ஷிகா மாடிக்குப் போய்விட்டாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் வீட்டில் சாப்பிடவில்லை. பிந்தி வந்தாள், விடிய வெள்ளெனப் போனாள். தகப்பனோடும் கதைக்கவில்லை. றொனால்ட் ஒருமுறை அவளுடைய கதவைத் தட்டிவிட்டு, உள்ளிருந்து சத்தம் வராததால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கி வந்தான். "நீ சொல்லாமல் விட்டிருக்கலாம்," என்று கிளறிற்றாவிடம் சொன்னான். "எப்பவோ சொல்லியிருக்க வேணும்," என்றாள் அவள். இரண்டும் உண்மைதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் லக்‌ஷிகா இறங்கி வந்து மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. குரல் மட்டும் ஒரு அலுவலகத்துக் குரல்.

"பிளானை மாத்தியிருக்கிறன். வைன் ரூர் இல்லை, போட் இல்லை. ரூம் அதேதான். வேற ரூம் தேடினனான், ஒண்டுமில்லை, எல்லாம் ரூறிஸ்ற் பிடிச்சுட்டினம். அங்கை படுக்க உங்களுக்கு ஏலுமா?"

"ஏலும்," என்றாள் கிளறிற்றா. ஏலுமா என்று அவளுக்குத் தெரியாது.

"அங்கத்தை முனிசிப்பல் ஒபிசுக்கு எழுதினனான். இரண்டாம் நாள் விடியத் திறப்பினமாம். எலும்பைச் சின்னத் தகரப் பெட்டியிலை வைச்சு ஒட்டித் தருவினம். பிளேனிலை கையிலை கொண்டு வரலாம், அதுக்கு ஒரு பெர்மிசன் வேணும். அதுக்கும் அப்ளை பண்ணியாச்சு." அவள் நிறுத்தி மூச்சு எடுத்தாள். "நானும் வாறன்."

"உனக்கு வகுப்பு..."

"நானும் வாறன் அம்மா."

கிளறிற்றா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். லக்‌ஷிகா கையைக் கொடுக்கவில்லை, விசைப்பலகையில் எதையோ திருத்திக்கொண்டிருந்தாள். ஆனால் நாற்காலியைத் தாயின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

புறப்படுகிற அன்று காலை றொனால்ட் வேலை உடுப்போடு குசினியில் நின்றான். லீவு போடவில்லை. கிளறிற்றா கேட்கவும் இல்லை. பயணப் பையின் சிப் இறுகிப்போய் வர மறுத்தது. அவன் குனிந்து மெழுகுதிரித் துண்டொன்றைத் தேய்த்து அதை இழுத்து மூடினான். மூடிய பிறகும் நிமிராமல், பையைப் பார்த்தபடியே சொன்னான்.

"கொண்டு வா. இஞ்சை இடம் நான் பாத்து வைக்கிறன். ஃபாதரோடை கதைச்சனான்."

"எப்ப கதைச்சனீங்கள்?"

"போன ஞாயிறு." பிறகு, "அதெண்டால் என்னால ஏலும்," என்றான்.

அந்த மூன்று நாட்களைப் பற்றிக் கிளறிற்றா பிறகு யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. கடல் அழகாகத்தான் இருந்தது. திராட்சை இலைகள் மஞ்சளும் சிவப்புமாய் மாறி மலை முழுக்கப் பற்றி எரிவது போலிருந்தது. ஒடுங்கிய தெருக்களில் உல்லாசப் பயணிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஒரு அமெரிக்கப் பெண் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கைபேசியைக் கொடுத்தாள். கிளறிற்றா எடுத்துக் கொடுத்தாள். முதல் இரவு அந்த அறையில் விழித்துக்கொண்டே கிடப்பேன் என்று நினைத்திருந்தாள். தலையைச் சாய்த்ததும் அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டாள். விடிந்ததும் அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

திரும்பி வந்த அன்று பின்னேரம் லண்டனில் மழை. றொனால்ட் சோறும் மீன்குழம்பும் சமைத்து வைத்திருந்தான். முன்னறையில் ஒரு சின்ன மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தான். கிளறிற்றா பெட்டியை அதில் வைத்தாள். பாண் போடுகிற டின் அளவுதான் அது. அவன் கிட்டப் போகாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

"என்ன இருந்தது?" என்று றொனால்ட் கேட்டான்.

கிளறிற்றா மகளைப் பார்த்தாள். லக்‌ஷிகா தலையைக் குனிந்திருந்தாள்.

"கனக்க இல்லை. குழி தோண்டுற மனிசன் நல்லவன். தான் சொல்லும்வரை பாக்க வேண்டாம் எண்டு எங்களைத் திரும்பி நிக்கச் சொன்னவன். மரியூச்சா செபமாலை சொன்னவ. பேந்து கூப்பிட்டுக் காட்டினவன். சின்னச் சின்ன எலும்பு. கழுவித் துணியிலை வைச்சிருந்தவன்." அவள் தண்ணீர் குடித்தாள். "சப்பாத்து இருந்தது. அடி மட்டும். றப்பர் உக்கேல்லை."

"எந்தச் சப்பாத்து?"

"நடக்கேக்கை சிவப்பா லைற் மின்னுமே, அது."

றொனால்ட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் வாங்கினது," என்றான். "ஒரு சைஸ் பெரிசா வாங்கினனான். வளருவான்தானே எண்டு. முன்னுக்குப் பஞ்சு அடைஞ்சு விட்டனான். அவன் அதை இழுத்து இழுத்து நடப்பான்."

லக்‌ஷிகா நிமிர்ந்தாள். கிளறிற்றாவும் அவனையே பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவன் இவ்வளவு சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அவர் எப்பிடி, அப்பா?" என்றாள் லக்‌ஷிகா. "என்னைப் போலவா?"

"இல்லை. நீ சின்னனிலை அழுதால் தூக்கினதும் நிப்பாட்டிவிடுவாய். அவன் நிப்பாட்டமாட்டான். அவன் சொன்னது நடக்க வேணும்." றொனால்டின் முகத்தில் ஏதோ இளகியது. "தோட்டத்திலை திராட்சைக் கூடையளை மலையிலை இருந்து இறக்கிறதுக்கு ஒரு சின்ன வண்டி இருந்தது. ஒரே ஒரு தண்டவாளம், செங்குத்தாக் கீழை போகும். கூடை மட்டும்தான் ஏத்தலாம், ஆள் ஏறக் கூடாது. அதிலை ஏத்தச் சொல்லி ஒருநாள் விழுந்து கிடந்து அழுதவன்."

"ஏத்தினீங்களா?"

"ஏத்தினனான். கூடைக்குள்ளை வைச்சு, நான் பக்கத்திலை பிடிச்சுக்கொண்டு. கீழை வரும்வரைக்கும் சிரிச்சவன். கத்திக் கத்திச் சிரிச்சவன். பேந்து ஒவ்வொரு நாளும் கேக்கத் துவங்கினான். அம்மாக்குத் தெரியாமல் ரெண்டு மூண்டு தரம்..."

"என்ன?" என்றாள் கிளறிற்றா.

அவள் எழுந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அந்த வண்டியிலை ஏத்தினீங்களே? பிள்ளையை? அதிலை பிறேக் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? உங்களுக்கு அறிவில்லையே?"

"கிளறி..."

"விழுந்திருந்தால்?" அவள் கத்தினாள். "விழுந்திருந்தால் என்ன செய்திருப்பியள்? பிள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால்?"

சொல்லி முடிந்த பிறகுதான் அவள் சொன்னது அவளுடைய காதில் விழுந்தது. மழை யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. கிளறிற்றா நின்றபடியே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலும் அழாத, குழியருகிலும் அழாத அழுகை அது. றொனால்ட் எழுந்து வந்து அவளைப் பிடித்தான். பிடித்தவனும் அழுதான். லக்‌ஷிகா இருவரையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து, ஆறிப்போன குழம்பை அடுப்பில் வைத்தாள்.

கார்த்திகை இரண்டாவது சனிக்கிழமை யனுஷனைப் பிளேஸ்டோவுக்குக் கிட்ட ஒரு சேமக்காலையில் புதைத்தார்கள். ஃபாதரும் தயாளினியும் அவளுடைய மனிசனும் வந்திருந்தார்கள். கல்லில் பெயரை எப்படி எழுதுவது என்று லக்‌ஷிகாதான் வேலையாளுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.